கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள்

வடசேரியில் வாழைக்குலை இறக்கும் சந்துக்குள் நுழைந்தால், காய்கறி மொத்தக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அக்காவின் பிரவுசிங் சென்டர். படி ஏறும்வரை முட்டைக்கோஸ் வாடை கூடவே வரும். கதவைத் தள்ளிவிட்டால் ஏசிக் குளிரும் சூடேறிய மானிட்டர்களின் பிளாஸ்டிக் வாடையும்.

அந்த நாட்களில் நாகர்கோவிலில் நான் ஏறி இறங்காத பிரவுசிங் சென்டர் கிடையாது. எல்லாவற்றிலும் முதலாளியின் நாற்காலி எங்கே கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். எந்த மூலையில் இருந்தால் எல்லாத் திரையும் தெரியுமோ அந்த மூலையில். அக்காவின் நாற்காலி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடந்தது. எல்லாத் திரைகளும் அவளுக்கு முதுகுப் பக்கம். சுழலும் நாற்காலிதான், காலால் ஒரு தள்ளு தள்ளினால் திரும்பிவிடலாம். அவள் திரும்ப மாட்டாள்.

"அக்கா, அட்டாச்மென்ட் ஏறமாட்டேங்குது" என்று முதல்நாள் கூப்பிட்டேன்.

"பாக்கட்டா?" என்றாள், வாசலைப் பார்த்தபடியே.

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"கூப்பிட்டது செரி. பாக்கச் சொல்லலியே."

"பாருங்க" என்று நான் சொன்ன பிறகுதான் நாற்காலி திரும்பியது. மவுசைத் தொடுவதற்கு முன் இன்னொரு தடவை, "தொடட்டா?" எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். எல்லாவற்றையும் வேகமாகச் செய்வதுதான் அறிவு என்று நம்பிக்கொண்டிருந்த வயது. ஒரு கிளிக்குக்கு இரண்டு கேள்வி கேட்கிற இந்த அம்மாளிடம் யார் வருவார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரமும். மூன்று வருடம் வேறு சென்டருக்குப் போகவேயில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவள் நிச்சயமாகத் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்றால் அந்த இடத்தில் மனுஷர் எப்படி ஆகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். அக்கா தடுப்புப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டிருந்தாள். ஒரே நீள மேசை, கல்யாணப் பந்தியில் உட்கார்வதுபோல வரிசையாக உட்கார வேண்டும். "நான் பாக்கமாட்டேன். ஆனா பக்கத்துல ஒரு தாத்தா பென்ஷன் பேப்பர் பிரிண்டு எடுக்கியாரு, இந்தப் பக்கம் ஒரு பிள்ள பரீட்சை ரிசல்ட்டு பாக்குது. நடுவுல இருந்து நீ என்ன பாக்கணும்னு நீயே பாத்துக்க" என்பாள். கேபின் வேண்டும் என்கிற பையன்கள் ஒருநாள் வந்துவிட்டு வேறு சென்டருக்குப் போய்விடுவார்கள். போகிறவர்களை அவள் தடுத்ததும் இல்லை, வைததும் இல்லை.

ஒருநாள் கோட்டாறில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வியர்த்து விறுவிறுக்கப் படியேறி வந்தார். மகன் பதினொன்றாம் வகுப்பு. கடைசி சிஸ்டத்தில் இருந்தான்.

"எம்மவன் இங்க வந்து என்ன பாக்கான்?"

"அவங்கிட்ட கேளுங்க அண்ணாச்சி. அங்கதான் இருக்கான்."

"அவன் பொய் சொல்லுவான். நீ கடைக்காரிதானே, ஒரு எட்டு எட்டிப் பாத்து எங்கிட்ட சொன்னா என்ன?"

"இன்னைக்கு நான் எட்டிப் பாத்தா, நாளைக்கு வேற எவனாவது அவங்கிட்ட கேக்காம எட்டிப் பாக்கும்போ, இதுதான் பழக்கம்போலன்னு சும்மா இருந்திருவான். பொறவு அவன எட்டிப் பாக்கது யாருன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. அக்கா ஒரு ஸ்டூலை எடுத்து மகனுக்குப் பக்கத்தில் போட்டாள். "இருங்க. அவன் காட்டித் தருவான்." பையன் முகம் சிவந்து, கிரிக்கெட் ஸ்கோர் இருந்த பக்கத்தைக் காட்டினான். அரைமணி கழித்து அண்ணாச்சி, "இதுல தேங்கா வெல பாக்க முடியுமாலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாராவாரம் வர ஆரம்பித்துவிட்டார். மகன்தான் வருவதை நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமைகளில் யாராவது கூப்பிட்டால் பள்ளிக்கூடங்களுக்குப் போய் இண்டர்நெட்டில் ஏமாறாமல் இருப்பதைப் பற்றிப் பேசுவாள். பேசுவாள் என்று சொல்வது தப்பு. நான் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன், இண்டர்நெட் என்ற வார்த்தையே முதல் கால்மணிக்கு வராது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே போய் நின்று, சிரித்த முகமாக ஒரு பிள்ளையிடம் கேட்பாள்.

"மக்கா, ஒனக்க ரஃப் நோட்டுக்க கடைசிப் பக்கத்தப் பாக்கட்டா?"

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை நெளியும். கொடுத்துவிடும். அக்கா அதைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போவாள். அதுவும் தரும். கை நிறைய நோட்டுகள் சேரும். ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சில் பல்லுக்குக் கம்பி போட்ட சின்னப் பையன் ஒருவன், நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "தரமாட்டேன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"செரி. தராண்டாம். சொல்லும்போ எப்படி இருந்துச்சு மக்கா?"

"பேடியா இருந்துச்சு." எங்கள் ஊரில் பேடி என்றால் பயம்.

"பேடியா இருந்தாலும் சொன்னேல்லா. அதான் காரியம்." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நான் சிரிச்சிட்டே கேட்டேன், டீச்சர்மாருக்கப் பக்கத்துல நின்னு கேட்டேன். அதனால எல்லாரும் தந்திய. நெட்டுல கேக்கவனும் சிரிச்சிட்டுத்தான் கேப்பான். ஒனக்க பேரு தெரிஞ்சவனாத்தான் இருப்பான். ஊரு என்ன, போட்டோ ஒண்ணு தா, போன் நம்பர் என்னண்ணு கேப்பான். வேண்டாம்னு சொல்லுகதுக்கு ஒரு வாய்ப்பழக்கம் வேணும். இன்னைக்கு எங்கிட்ட சொல்லிப் பழகுங்க."

அப்புறம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருத்தரிடமும் போய் மறுபடி கேட்பாள், ஒவ்வொருத்தரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் விடமாட்டாள். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளைகள எதிர்த்துப் பேசப் பழக்கிட்டுப் போறீங்களே" என்றார். "ஆமா டீச்சர்" என்றாள் அக்கா. அந்தப் பள்ளியில் இருந்து மறுபடி கூப்பிடவில்லை.

சென்டரில் வெள்ளிக்கிழமைதான் திருவிழா. கல்ஃப் நாடுகளில் அன்றைக்குத்தான் லீவு. கடியப்பட்டணம், முட்டம் பக்கத்தில் இருந்து பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வருவார்கள். பஹ்ரைனிலோ கத்தாரிலோ மீன்பிடிக்கிற கணவன்மார் அங்கே ஒரு கேமரா முன்னால் வந்து உட்கார, இங்கே குடும்பமே ஒரு மைக்கைச் சுற்றிக் குனிந்திருக்கும். காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல எல்லாரும் கத்துவார்கள். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பாள். அந்தச் சத்தத்தில் கேட்காமல் இருக்க வழியில்லை என்பதால் ஒரு பழைய வாக்மேனைக் காதில் மாட்டிக்கொள்வாள். அதில் பாட்டரி இருந்து நான் பார்த்ததில்லை.

"மோளே, நீயே அடிச்சித் தொறந்திரு. பாஸ்வேர்டு எங்க வள்ளத்துக்க பேருதான்" என்பார்கள் பெண்கள், அறை முழுக்கக் கேட்கும்படி. கடற்கரை வீடுகளில் முக்கால்வாசிப் பேரின் பாஸ்வேர்டு அவர்கள் மீன்பிடி வள்ளத்தின் பெயர்தான்.

"மைனி, ஒங்க பாஸ்வேர்ட நீல பெயிண்டுல ஆளுயரத்துக்கு எழுதிக் கடப்புறத்துல நிறுத்தி வச்சிருக்கு. ஒங்க ஊருல அது தெரியாதவங்க யாரு இருக்கா?"

"அய்ய, எழுதுனா என்ன, அது புனிதருக்க பேருல்லா. அவரு காப்பாத்துவாரு."

"அவருக்கு வேற சோலி கெடக்கு. மாத்துங்க. நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கேன்."

மைனி, அதாவது மதினி, என்று அக்கா கூப்பிட்ட இந்தப் பெண்கள் அவளை அவ்வளவு நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் இருந்துதான் அந்தத் தப்பும் நடந்தது.

கல்ஃபில் இருப்பவர்களுக்குப் படம் வேண்டும். கோயிலில் மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம், புது வீட்டின் படம், கொழுந்தியாள் கல்யாணத்தில் எல்லாரும் நிற்கிற படம். ஸ்டுடியோவில் எடுத்த படங்களைச் சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவருவார்கள். அக்கா ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பித் தருவாள். இரண்டு மாதத்தில் அங்கே ரூம் மாறும், கம்ப்யூட்டர் மாறும், படம் தொலையும். மறுபடி கேட்பார்கள். மறுபடி இங்கே இருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். "இதையெல்லாம் அழிக்கட்டா மைனி?" என்று அக்கா கேட்டபோது, "அழிக்காண்டாம் மக்கா, கெடக்கட்டு. அவரு திரும்பவும் கேப்பாரு" என்றார்கள். அப்படியே கிடந்தது. கல்ஃப் என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஊர் பெயர், வீட்டுப் பெயர், போன் நம்பரோடு. எந்த சிஸ்டத்தில் இருந்தும் திறக்கும், ஏனென்றால் எந்த சிஸ்டத்தில் இருந்தும் அனுப்ப வேண்டியிருந்தது.

ஆன்சி என் வகுப்பு. கடியப்பட்டணத்துக்காரி. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, எழுது, பெயரை மாற்றிக்கொள் என்றாள். அக்காவிடமும் கேட்டேன். பெயரே வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆன்சி கல்லூரிக்கு வரவில்லை. மதியம் பக்கத்து வீட்டுப் போனில் இருந்து என்னைக் கூப்பிட்டாள். அப்போது எல்லாரும் கணக்கு வைத்திருந்த ஒரு நண்பர்கள் தளத்தில், அவள் பெயரில் யாரோ ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். அவள் படம், கல்லூரிப் பெயர், வீட்டு நம்பர். எழுதியிருந்த வாக்கியங்களை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. வீட்டுப் போன் இரண்டு நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் அண்ணன் ஜெபின் எடுத்தால் வைத்துவிடுகிறார்கள், அம்மா எடுத்தால் சிரிக்கிறார்கள்.

"படத்த நான்தான் எவனுக்கோ குடுத்தேன்னு அண்ணன் சொல்லுகான். வெள்ளிக்கெழம அப்பாகிட்ட சொல்லிப் படிப்ப நிறுத்தப் போறானாம். மாமாக்க மவனுக்கு ஏற்கெனவே கேட்டிட்டுத்தான் இருக்காங்க. அப்பா சரீண்ணு சொல்லிட்டா முடிஞ்சிதுட்டி."

நான் அக்காவிடம் ஓடினேன். கடைசி சிஸ்டத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"அக்கா, திரும்பிப் பாருங்க."

"என்னட்டி?"

சொன்னேன். நாற்காலி திரும்பவில்லை.

"அது ஆன்சிக்கப் படம். நான் பாக்கலாமாண்ணு அவகிட்ட கேட்டியா?"

"ஊரே பாத்தாச்சு அக்கா."

"ஊரு அவகிட்ட கேக்கல."

அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். ஆன்சியை அவர்கள் கூப்பிட்டு வரும்வரை காத்திருந்து கேட்டேன். "அக்காவப் பாக்கச் சொல்லு. அக்கா மட்டும்" என்றாள். அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்ததுபோல எனக்குக் கேட்டது. இரண்டு நாளில் அவளிடம் ஒருத்தர் அனுமதி கேட்டது அதுதான்.

அக்கா திரும்பினாள். பார்த்தாள். எழுதியிருந்ததை அல்ல, படத்தை. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் ஸ்கேனரின் மூடியைத் தூக்கி, கண்ணாடியின் இடது ஓரத்தை விரலால் தடவினாள். அங்கே மயிரிழை மாதிரி ஒரு கீறல். திரையில் ஆன்சியின் தோளுக்கு மேலே அதே மாதிரி ஒரு கோடு.

"இது எங்கிட்ட இருந்து போயிருக்கு" என்றாள்.

அந்த அறையில் நாங்கள் இரண்டுபேர்தான். கீழே லாரியில் இருந்து மூட்டை இறங்குகிற சத்தம். அந்தக் கோட்டை அவளைத் தவிர உலகத்தில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் அதைத்தான் முதலில் யோசித்தேன். அவள் முகத்தில் அந்த யோசனை வந்துபோனதாகக்கூடத் தெரியவில்லை.

"வெள்ளிக்கெழம எல்லாரும் வருவாங்கல்லா, அப்பம் சொல்லுகேன்" என்றாள்.

எனக்கு வேறு அவசரம். "அந்தப் பக்கத்துக்க பாஸ்வேர்ட நான் கண்டுபிடிச்சிருவேன் அக்கா. ரெண்டுமூணு வழி இருக்கு. உள்ள போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு, எவன்னு பாத்து நாறடிச்சிருகேன்."

"செய்யாண்டாம்."

"அவன் கள்ளன்."

"கள்ளனுக்க வீட்டுப் பூட்ட ஒடச்சா நீ போலீசா? புகார் சொல்லுகதுக்கு அந்தப் பக்கத்துலயே ஒரு எடம் இருக்கு, அதுல சொல்லு. பக்கத்த அப்படியே பிரிண்டு எடுத்துக் கவருல ஒட்டி வை, ஸ்டேஷன்ல கேப்பான். ஸ்டேஷனுக்குப் போகணுமாண்ணு ஆன்சிகிட்டயும் அவளுக்க அம்மைகிட்டயும் கேளு."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆன்சியின் அம்மா, ஜெபின், பின்னால் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்ட ஆன்சி. ஜெபின் கெட்டவன் இல்லை. குளச்சலில் வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன், இருபத்திரண்டு வயது, வீட்டில் அப்பா இடத்தில் நிற்க வேண்டியவன். போனில் அம்மா கேட்ட சிரிப்பெல்லாம் அவன் முகத்தில் இருந்தது. கேமரா இன்னும் இணையவில்லை. அவன் அக்காவிடம் வந்து மெதுவாகத்தான் பேசினான்.

"அக்கா, அவளுக்க மெயில நான் பாக்கல்ல. நீங்க பாருங்க. எவனுக்காவது படம் அனுப்பியிருக்காளாண்ணு பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க இல்லண்ணு சொன்னா நான் நம்புகேன். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவன் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்திரு மோளே. நீ சொன்னா போதும்."

பக்கத்தில் இருந்த மைனிமார்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் காரியம். ஒருதரம் பார்த்தால் போதும். அக்காவின் வார்த்தைக்கு அந்தக் கடற்கரையில் இருந்த மதிப்புக்கு, பார்க்காமலே இல்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அக்கா ஆன்சியிடம் கேட்டாள். "பாக்கட்டா?"

ஆன்சி தரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு தெளிவாகவே சொன்னாள்.

"வேண்டாம் அக்கா."

இதற்குமேல் ஒரு பெண் தன் தலையில் மண்ணள்ளிப் போட்டுக்கொள்ள முடியாது. ஜெபின், "பாத்தியளா, பாத்தியளா" என்று சுற்றிப் பார்த்தான். அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செரி" என்றாள் அக்கா. அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் சொன்ன அதே குரல்.

"அப்பம் என்னத்தயோ மறைக்கா" என்றான் ஜெபின்.

"இருக்கும். அது அவளுக்கது."

அப்போதுதான் கேமரா இணைந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு மனுஷர், பின்னால் கயிற்றில் உலருகிற கைலிகள். "என்னலே ஜெபினே, எல்லாரும் எழவு வீட்டுல நிக்கது மாதிரி நிக்கிய" என்றார் சிரித்துக்கொண்டே. ஜெபின் மைக்கைப் பிடித்துச் சொல்லத் தொடங்கினான். படம், போன், சிரிப்பு, மெயிலைக் காட்டமாட்டேன் என்கிறாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அவன் முடித்ததும் அக்கா மேசைப் பக்கம் வந்தாள்.

"ஜெபினு, நான் பேசட்டா?"

அவன் மைக்கைத் தந்தான்.

"அண்ணே, அந்தப் படம் ஒங்களுக்கு அனுப்ப இங்க ஸ்கேன் செய்த படம். எனக்க மெஷின்ல கீறல் உண்டு, அது படத்துல கெடக்கு. நீங்க திரும்பவும் கேப்பியன்னு அழிக்காம வச்சிருந்தேன். யாரு வந்தாலும் தொறக்க மாதிரி வச்சிருந்தேன். அதுல இருந்துதான் எவனோ எடுத்திருக்கான். ஆன்சி யாருக்கும் குடுக்கல்ல. வைக்கட்டாண்ணு நான் மைனிகிட்ட கேட்டேன். படத்துல இருக்கது மைனி இல்ல, ஆன்சி. அவகிட்ட நான் கேக்கல்ல. பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கப் போறவ நான். எனக்க கடையில நானே கேக்கல்ல."

திரை அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதா, அவர்தான் அசையாமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை. வாய் பாதி திறந்து, ஒரு கை தூக்கியபடி அவர் முகம் உறைந்து நின்றது. அறையில் இருந்த அத்தனைபேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆன்சியின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. அக்கா மைக்கைப் பிடித்தபடி அசையவில்லை. அந்த மேசையில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் மகளின் படத்தையும் தன் படத்தையும் நினைத்துப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். இனி இவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்பதுதான் தெரிந்திருக்காது.

குரல்தான் முதலில் வந்தது. "கேக்குதா? கேக்குதா?"

"கேக்குது."

"ஆன்சிகிட்ட குடுங்க."

அக்கா மைக்கை நீட்டினாள்.

"மோளே, படிக்கப் போறியா?"

"போறேன் அப்பா."

"அப்பம் போ. லே ஜெபினே, திங்கக்கெழம நீ அவள பஸ்சுல ஏத்தி விடணும். வீட்டுல போன் அடிச்சா நீ எடு. அவள எடுக்கச் சொல்லாத. ஸ்டேஷனுக்குப் போணும்னா அம்மையக் கூட்டிட்டுப் போ." கேமராவைத் தொட்டு எதையோ சரிசெய்தார். "மெயிலுக்க காரியத்த விட்டிரு. எனக்க மெயிலத் தொறந்து காட்டச் சொன்னா நான் காட்டமாட்டேன்."

ஒரு மைனி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பின்ன, மோளே, அந்தப் படத்த பெரிசாக்கி இஞ்ச செவுத்துல ஒட்டியிருக்கேன். ரூமுக்குப் பலபேரு வருகான் போறான். எடுத்துப் பெட்டியில வைக்கட்டா?"

ஆன்சி அப்போதுதான் அழுதாள். "இருக்கட்டு அப்பா" என்றாள்.

அன்று சாயங்காலமே நான் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "தட்டட்டா அக்கா?" என்றேன்.

"ஏட்டி, நம்ம படமா அது?" என்றாள்.

அவள் செய்தது இதுதான். எல்லாப் படங்களையும் சிஸ்டங்களில் இருந்து எடுத்து, கடன் வாங்கிய ஒரு லேப்டாப்பில் பூட்டி வைத்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் கடற்கரைக்குப் போனாள், வீடு வீடாக. பங்குச்சாமியார், பூசை முடிந்ததும் மைக்கில் அறிவித்துவிடுகிறேன் என்றார். "வேண்டாம் ஃபாதர். மைக்குல சொன்னா எந்த வீட்டுப் பிள்ளன்னு தேடுவாங்க" என்று மறுத்துவிட்டாள். நானும் சில ஞாயிறுகள் போனேன். வாசலில் நின்று நடந்ததைச் சொல்வாள். உள்ளே கூப்பிட்டால் போவாள். படத்தைத் திறந்து, அதில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனைபேரிடமும் கேட்பாள், அழிக்கட்டா என்று. வெளியூர் போனவர்களுக்காக மறுபடி ஒருநாள் போவாள்.

"ஒரு பட்டனத் தட்டுனா போச்சு. இதுக்கா இந்த வெயில்ல வந்தே?" என்று ஒரு தாத்தா நுங்கு வெட்டிக் கொடுத்தார். படத்தில் புதுநன்மைக் கோட்டோடு நின்ற ஒரு சின்னப்பயல், கோட்டு வாடகைக்கு எடுத்தது, திருப்பிக் கொடுத்தாயிற்று, அழித்தால் தான் கோட்டு போட்டதற்கு அத்தாட்சி இல்லை என்று ஒரேயடியாக மறுத்தான். அவனுக்கு ஒரு சிடியில் போட்டுக்கொடுத்து, அவன் சரி என்ற பிறகு அவன் கண்முன்னாலேயே லேப்டாப்பில் அழித்தாள். போன வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி, திரையில் அவர் முகத்தைப் பார்த்ததும் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அக்கா அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லேப்டாப்பை அவள் மடியில் வைத்துவிட்டு, இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வீட்டில் வாசலுக்கே விடவில்லை. "ஊருப் பிள்ளைகளுக்கப் படத்தையெல்லாம் கடைபரப்பி வச்சிட்டு இப்பம் கேக்க வந்தியா?"

"ஆமா" என்றாள் அக்கா. ஒரு காரணமும் சொல்லவில்லை. கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஞாயிறு அதே வாசலில் போய் நின்றாள்.

எனக்கு அப்போது பொறுக்கவில்லை. ஒரு மனுஷி தன்னை இப்படி வலியப் போய் நிறுத்திக்கொள்வாளா? சில வாரங்கள் வெள்ளிக்கிழமைகளில் சென்டர் வெறிச்சென்று கிடந்தது. நாலைந்து சிஸ்டங்களை விற்றாள். அவளை எந்தக் கேள்வி கேட்டாலும், "அழிக்கிறதுக்கும் கேக்கத்தான் வேணும்" என்பதற்குமேல் பேசமாட்டாள். இன்றைக்கு நான் வேலை பார்ப்பது ஆயிரக்கணக்கானவர்களின் படங்களும் நம்பர்களும் ஒரு கம்பெனிக்குள் வந்து குவிகிற இடத்தில். 'அனுமதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது, யாரும் படிக்காமல் அதில் தட்டிவிட்டுப் போகிறார்கள். அதை வடிவமைக்கிற கூட்டங்களில் நான் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஒரு வாசலில் வெயிலில் நின்று, கதவு திறக்கக் காத்திருக்கிறவளைப் பார்த்தவளுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

அந்தப் போலிப் பக்கம் இரண்டு வாரத்தில் இல்லாமல் போனது. புகார் சொன்னதாலா, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததாலா, செய்தவனே பயந்து எடுத்தானா என்று தெரியாது. அவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆன்சியின் மெயிலில் என்ன இருந்தது என்பதும் தெரியாது.

ஆன்சியின் அப்பா சொன்ன அந்தத் திங்கட்கிழமை, கடியப்பட்டணத்தில் இருந்து வந்த பஸ்ஸில் நான் வழியில் அம்மாண்டிவிளையில் ஏறினேன். போலிப் பக்கம் அப்போதும் இருந்தது. பஸ்ஸில் இருந்த பையன்களில் பாதிப்பேர் அதைப் பார்த்திருப்பார்கள். ஆன்சி ஜன்னலோரம் இருந்தாள், துப்பட்டா தோளில். ஜெபின் அவளை ஏற்றிவிட்டு, போகாமல், பைக்கில் பஸ்ஸின் பின்னாலேயே மணவாளக்குறிச்சி வரை வந்தானாம். பின்சீட்டில் யாரோ ஒருவன் அவள் பெயரைச் சொல்லி இருமினான். நான் சண்டைக்குத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானே எழுந்து, பின்பக்கம் திரும்பி, அந்தப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எங்கிட்ட ஏதாவது கேட்டியா?" என்றாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பஸ் முழுக்கக் கேட்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

"டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எதுவரைக்கும் போச்சு?" என்றாள்.

பையைத் திறந்து நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை நடத்திய பாடம் எனக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை. வடசேரி வருவதற்குள் அவளே அதை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.